தம்பியோடு ஒரு நாள் சந்தோஷமாக இருந்தேன், அதற்காக ஏன் அழுகிறேன்?

ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு 47 வயது. தஞ்சாவூரில் கணவரோடு வசிக்கிறேன். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பக்கவாதம் வந்த நாளிலிருந்து என் அம்மா எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். வலது கையும் காலும் அவருக்குச் சரியாக இயங்காது. குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, மாத்திரை கொடுப்பது, இரவில் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். கூடப் பிறந்தவன் ஒரே தம்பி. ஓசூரில் தொழிற்சாலை வேலை. மாதம் தவறாமல் பணம் அனுப்பிவிடுவான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சென்ற மாதம் மனைவியை அழைத்துக்கொண்டு வந்திருந்தான். வீட்டில் விசேஷமும் இல்லை, ஆஸ்பத்திரி வேலையும் இல்லை. “அக்கா, நாளைக்கு நீயும் நானும் மட்டும் ஊரைச் சுற்றப் போகிறோம். அம்மாவை இவள் பார்த்துக்கொள்வாள்” என்றான். நான் மறுத்தேன். அவன் கேட்கவில்லை.

இந்த ஊரிலேயே இருந்தும் பெரிய கோயிலை நான் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. உறவினர் வந்தால் கூடப் போவேன், அப்போதும் மனமெல்லாம் வீட்டில் இருக்கும். அன்று காலையில் அவசரமில்லாமல் நடந்தோம். வெயில் ஏற ஏறக் கல் தரை காலைச் சுட்டது. சின்ன வயதில் செய்ததுபோலவே நிழல் பார்த்து நிழலுக்கு ஓடினோம். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததை நம்பிச் சண்டை போட்டவர்கள் நாங்கள். அன்று அந்த நிழலிலேயே உட்கார்ந்து பேசினோம். ஒரு வழிகாட்டி பள்ளிப் பிள்ளைகளை அடித்தளக் கல்வெட்டின் அருகே நிறுத்தி, கோயிலுக்கு ராஜராஜன் தந்ததையும் அவன் அக்கா குந்தவை தந்ததையும் கல்லில் வெட்டச் சொன்ன செய்தியை விளக்கிக்கொண்டிருந்தார். “நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும்” என்று அவர் படித்தபோது தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

மதியம் மேல வீதிப் பக்கம் ஒரு சின்ன மெஸ்ஸில் சாப்பிட்டோம். வாழை இலையில் ஆவி பறக்கும் சோறு, வத்தக்குழம்பு, கீரைக்கூட்டு, அப்பளம். பெரிய விருந்து என்று சொல்வதற்கில்லை. பரிமாறியவர் வாளியோடு வந்து, “இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுமா அம்மா?” என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வீட்டில் அம்மாவுக்கு ஊட்டி, வாய் துடைத்து, படுக்க வைத்த பிறகுதான் என் சாப்பாடு. ஆறிப்போனதை அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டு முடிப்பேன். சூடாக இலை போட்டு, வேண்டுமா என்று ஒருவர் கேட்டு எத்தனை காலம் ஆகிறது!

பிறகு அரண்மனைக் கலைக்கூடம். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன மூர்த்தி அங்கே இருக்கிறார். காளையைக் காணோம், ஆனால் அதன் மேல் கையை ஊன்றிக் காலைச் சற்றே பின்னி நிற்கிறார் சிவன். தம்பி என் தோளில் முழங்கையை வைத்து அதே மாதிரி நின்று காட்டினான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். சாயங்காலம் திருவையாற்றுக்கு டவுன் பஸ். எனக்குக் கட்டணமில்லாப் பயணம், அவனுக்கு மட்டும் டிக்கெட். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பாலம் பாலமாக எண்ணிக்கொண்டே போனோம். அசோகா அல்வா வாங்கிக்கொண்டு படித்துறையில் உட்கார்ந்தோம். மேட்டூர்த் தண்ணீர் படிகளைத் தொட்டு ஓடியது. விளக்கு வைத்த பிறகுதான் கிளம்பினோம்.

வீட்டுக்கு வந்தால், அம்மா மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. என்னைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார். “என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாய்” என்றார். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவியதும் அடங்கிவிட்டார். மறுநாள் பக்கத்து வீட்டு அம்மாளிடம், “என் பிள்ளை லீவு போட்டுவிட்டு என்னைப் பார்க்க வந்தான்” என்று பெருமையாகச் சொன்னார். அடுக்களைக்குள் போய் அழுதேன்.

அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. பெற்றவளைத் தவிக்க விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு திரிந்தேனே என்று இருக்கிறது. கூடவே, ஒரு நாள் வந்தவனுக்கு நல்ல பெயர், எனக்கு என்ன என்று தம்பி மேல் கோபமும் வருகிறது. அவ்வளவு பாசமாக அழைத்துப் போனவன் மேல் கோபப்படலாமா? என் கணவரோ, “ஊர் சுற்றியதற்கு இத்தனை அழுகை என்றால் போகாமலேயே இருந்திருக்கலாம்” என்கிறார். மாதம் ஒரு நாள் இப்படிப் போகலாமா என்று தம்பி செய்தி அனுப்பியிருக்கிறான். பதில் போடாமல் வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

— வாசகி, தஞ்சாவூர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

வேண்டாம் என்று சொல்லாதீர்கள். காரணங்களைப் பிறகு சொல்கிறேன், முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்த மெஸ். நோயாளியைக் கவனிப்பவர்கள் தங்கள் களைப்பை அன்றாடம் உணர்வதில்லை. உணர்ந்தால் வேலை நடக்காது. அடுத்த மாத்திரைக்கு நேரமாகிவிட்டதா, படுக்கை நனைந்திருக்கிறதா என்று உடம்பும் மனமும் எப்போதும் காவல் நின்றுகொண்டே இருக்கும். யாராவது ஒருவர் அந்தப் பொறுப்பைச் சற்று நேரம் வாங்கிக்கொண்டு, உட்கார வைத்துப் பரிமாறும்போதுதான் அதுவரை அடக்கியது மேலே வருகிறது. அன்று தொண்டையை அடைத்ததும், மறுநாள் அடுக்களையில் அழ வைத்ததும் அந்தக் களைப்புதான். அதற்குக் குற்றவுணர்ச்சி என்று நீங்களாகப் பெயர் வைத்துவிட்டீர்கள். அந்த நாள் உங்களைக் கெடுத்துவிடவில்லை, நீங்கள் எவ்வளவு தேய்ந்திருக்கிறீர்கள் என்பதை உங்களுக்கே காட்டிவிட்டது. போகாமலேயே இருந்திருந்தால் அழுகை வந்திருக்காது என்று உங்கள் கணவர் சொல்வது உண்மைதான். ஆனால் களைப்பு அப்படியேதான் இருந்திருக்கும்.

அம்மாவின் அழுகையைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு அழுகையையும் சிரிப்பையும் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிகள் பாதிக்கப்படுகின்றன. சின்ன வருத்தத்துக்கும் அடக்க முடியாத அழுகை பீறிட்டு வரும், சற்று நேரத்தில் சட்டென்று நின்றும் போகும். தம்பி தலையைத் தடவியதும் அடங்கியது என்கிறீர்களே, அது இதனால் இருக்கலாம். அவருக்கு வருத்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அழுகையின் அளவை வைத்து அவர் துன்பத்தின் அளவைக் கணக்கிட வேண்டாம் என்கிறேன். அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது இதை அவசியம் சொல்லுங்கள். குறைக்க மருந்துகள் இருக்கின்றன.

மதியம் சாப்பிடாததற்கும் எளிய காரணம் இருக்கக்கூடும். பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதில் சிரமம் பலருக்கு வரும். நிமிர்த்தி உட்கார வைப்பது, சின்னச் சின்னக் கவளமாகக் கொடுப்பது, ஒன்றை விழுங்கிய பிறகே அடுத்ததை ஊட்டுவது என்று உங்கள் கை பழகிய முறை ஒன்று இருக்கும். புதிதாக ஊட்டுபவருக்கு அது தெரியாது, நோயாளிக்குப் பயம் வந்துவிடும். அடுத்த முறை முந்தின நாளே உங்கள் எதிரில் ஒரு வேளைச் சாப்பாட்டை ஊட்டிப் பழகச் சொல்லுங்கள். அம்மாவிடமும் மறைக்காமல், யார் ஊட்டுவார், நீங்கள் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள்.

இனி கோபம். அதற்கு வெட்கப்படாதீர்கள். தம்பி மேல் பாசமும், பொறுப்பு பங்கிடப்பட்டிருக்கும் விதத்தின் மேல் கோபமும் ஒரே மனதில் இருக்க முடியும். மகன் பணம் அனுப்புவான், மகள் பக்கத்தில் இருந்து பார்ப்பாள் என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அதுவாக அப்படி அமைந்துவிட்டது, நம் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் அமைகிறது. வந்து போகும் பிள்ளையின் அருமை கண்ணுக்குத் தெரியும். கூடவே இருக்கும் பிள்ளை காற்றும் தண்ணீரும் மாதிரி ஆகிவிடுகிறாள். அம்மா பக்கத்து வீட்டில் சொன்ன அந்த வாக்கியம் உங்களை எப்படிக் குத்தியிருக்கும் என்பது எனக்குப் புரிகிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அன்று உங்களுக்கு ஓய்வு கிடைத்தது, தம்பிக்கும் ஓய்வு கிடைத்தது. வீட்டில் உழைத்தவர் அவர் மனைவி. முதல் தடவைக்கு அது பரவாயில்லை. அவருக்கு நீங்கள் மனமார நன்றி சொல்லுங்கள். ஆனால் இதுவே வழக்கமானால் ஒரு பெண்ணின் சுமை இன்னொரு பெண்ணின் தோளுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். அம்மாவுக்கு ஊட்டவும் படுக்கையில் புரட்டவும் தம்பி கற்றுக்கொள்ள வேண்டும். சில மாதங்களில் அந்த ஒரு நாள் அவர் அம்மாவோடு வீட்டில் இருக்கட்டும், நீங்கள் மகளைப் பார்க்கவோ தோழியோடு எங்காவதோ போய்வாருங்கள்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் எழுதிய அந்தக் கல்வெட்டே வழி காட்டுகிறது. ராஜராஜன் தான் கொடுத்ததை அடுத்து அக்கா கொடுத்ததை வைத்தான், தன் தேவியர் கொடுத்தது அதன் பிறகுதான் வருகிறது. குந்தவை கொடுத்த பொன்னும் திருமேனிகளும் எவை எவை, எடை என்ன என்று அந்தச் சுவர்களில் விவரமாக இருக்கிறது. எழுதி வைத்ததால் ஆயிரம் ஆண்டு கழித்தும் தெரிகிறது. உங்கள் வீட்டில் அக்கா கொடுப்பதை யார் எழுதியிருக்கிறார்கள்? ஒரு வாரம் ஒரு நோட்டை அடுப்படியில் வைத்துக்கொள்ளுங்கள். காலை எழுந்தது முதல் நடுராத்திரி புரட்டிப் படுக்க வைப்பது வரை அம்மாவுக்காகச் செய்யும் ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறியுங்கள். குறை சொல்லும் வரி ஒன்றுகூட வேண்டாம். அதைத் தம்பிக்கு அனுப்பிவிட்டு, ஒரு நாள் மாலை போனில் பேசுங்கள். “இதில் எதை நீ எடுத்துக்கொள்ள முடியும்?” என்று கேளுங்கள். பகல் நேரத்துக்கு ஓர் உதவியாளரை வைக்கும் செலவை அவர் ஏற்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை நீண்ட விடுப்பில் வந்து தங்கலாம். எது என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். கோயிலில் உங்களைத் திரும்பிப் பார்த்தவருக்கு இது புரியாமல் போகாது என்று நம்புகிறேன்.

ஆனால் இந்தப் பேச்சை ஊர் சுற்றும் நாளில் எடுக்காதீர்கள். அந்த நாள் கணக்கு வழக்கு இல்லாமல் இருக்கட்டும். உடன்பிறந்தவர்களின் நெருக்கத்தை நாம் சாதாரணமாக நினைக்கிறோம். பெற்றோர் முன்னே போய்விடுவார்கள், பிள்ளைகள் பின்னே வருகிறார்கள், வாழ்க்கைத் துணை பாதியில் வந்தவர். நம் குழந்தைப் பருவத்திலிருந்து முதுமை வரை கூட வரக்கூடியவர்கள் உடன்பிறப்புகள்தான். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1938-ல் தொடங்கி ஒரே மனிதர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. 20 வயதுக்குள் உடன்பிறந்தவர்களோடு நல்ல உறவு இல்லாமல் போனவர்களுக்கு, 50 வயதுக்குள் பெரும் மனச்சோர்வு வருவது அதிகமாக இருந்தது என்று அதில் கண்டார்கள். அவர்கள் ஆண்கள் மட்டுமே, வேறொரு நாட்டவர்கள், அதனால் அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் நிழலுக்கு நிழல் ஓடிய ஓட்டத்தையும், பாலங்களை எண்ணியதையும் உங்களோடு சேர்ந்து நினைவில் வைத்திருக்கும் ஒரே மனிதர் உங்கள் தம்பிதான். அந்த உறவை உங்கள் இருவருக்குமாகவே வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-லிருந்து நடக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டிலேயே தருகிறார்கள், இயன்முறைச் சிகிச்சையும் படுக்கையில் இருப்பவர்களுக்கான பராமரிப்பும் அதில் உண்டு. இதுவரை பதிவு செய்யவில்லை என்றால் உங்கள் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். உங்கள் தூக்கமின்மை தொடர்ந்தாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேசத் தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. கட்டணமில்லை, எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்.

தம்பிக்கு இன்றே பதில் அனுப்புங்கள். வரச் சொல்லுங்கள், தேதியை மட்டும் நீங்கள் குறியுங்கள். அரண்மனை வரை போனவர்கள் சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகத்தைப் பார்த்ததாக எழுதவில்லை. ஓலைச்சுவடிகளும் சரபோஜி மன்னர் சேர்த்த புத்தகங்களும் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன, அரை நாள் வேண்டும். காலையில் அங்கே போய்விட்டால், மதியச் சாப்பாட்டுக்கு அதே மெஸ்ஸுக்கு நடந்தே வந்துவிடலாம்.

— உளவியல் ஆலோசகர்