சேர்ந்து போகலாம், ஒட்டிக்கொண்டே நிற்க வேண்டியதில்லை

கேள்வி: நானும் என் உயிர்த்தோழியும் கல்லூரிக் காலத்திலிருந்தே இசை நிகழ்ச்சிகளுக்கு ஒன்றாகத்தான் போய்வருகிறோம். அவளுக்கு எப்போதும் மேடையை ஒட்டி முதல் வரிசையில் நிற்க வேண்டும். எனக்கோ சற்றுத் தள்ளி நின்று பாட்டை முழுமையாகக் கேட்க வேண்டும். இத்தனை காலமும் அவள் விருப்பத்துக்கே விட்டுக்கொடுத்துவந்தேன். கடைசியாகப் போன நிகழ்ச்சியில் கூட்டம் நெருக்கியதில் மூச்சு முட்டிப்போய், வெளியே போகலாம் என்று கெஞ்சினேன். "சரியான பயந்தாங்கொள்ளிடி நீ" என்று சிரித்துவிட்டு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். அன்றிரவு தொடங்கிய காதிரைச்சல் மறுநாள் மாலை வரை ஓயவில்லை. இப்போது என்னைக் கேட்காமலேயே மூன்று நாள் இசைத் திருவிழா ஒன்றுக்கு இருவருக்கும் டிக்கெட் வாங்கிவிட்டாள். இதற்கிடையே, அவளுக்குப் பிடிக்காத, எனக்கு மிகவும் பிடித்த ஒரு பாடகரின் நிகழ்ச்சிக்குத் தனியாகப் போக ஆசைப்படுகிறேன். அதை நினைத்தாலே துரோகம் செய்வதுபோல இருக்கிறது. நட்பைக் காப்பாற்ற இசையை விட்டுவிட வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

இரண்டில் எதையும் நீங்கள் விட வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகும், நட்பின் மீது வைக்கத்தக்க குற்றச்சாட்டு அதில் ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது: நீங்கள் மூச்சு முட்டி நின்றபோது அவர் சிரித்தார். மற்றவை எல்லாம் இருவரும் ஒருமுறைகூட உட்கார்ந்து பேசாததால் சேர்ந்துவிட்ட மனத்தாங்கல்கள்; அவற்றில் உங்களுக்கும் பங்கு உண்டு, ஏனென்றால் பிடிக்காத இடத்தில் வாய்திறக்காமல் நிற்கும் ஒருவருக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது என்றுதான் பக்கத்தில் நிற்பவர் எடுத்துக்கொள்வார்.

முதலில் அந்தப் பயத்தைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் அது கோழைத்தனம் அல்ல. கூட்ட நெரிசலை ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவரான ஜான் ஃப்ரூயின், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7 பேர் என்ற அளவை எட்டும்போது கூட்டம் தனித்தனி மனிதர்களாக இயங்குவதை விட்டு ஒரு திரவத்தைப் போல நகரத் தொடங்குகிறது என்று 1993-இல் எழுதினார். அந்த நிலையில் யாராலும் தம் கால் எங்கே போக வேண்டும் என்று முடிவுசெய்ய முடியாது. பின்னாலிருந்து வரும் ஒரு தள்ளல் பல வரிசைகளைக் கடந்து முன்னால் நிற்பவர்களின் நெஞ்சில் வந்து அழுந்தும். இத்தகைய விபத்துகளில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை, மார்பு விரிய இடமில்லாமல் மூச்சடைத்துத்தான் இறக்கிறார்கள். டென்மார்க்கின் ராஸ்கில்டே இசைத் திருவிழாவில் 2000-ஆம் ஆண்டு 9 இளைஞர்கள் உயிரிழந்ததும், அமெரிக்காவின் ஹூஸ்டனில் 2021 நவம்பரில் நடந்த ஆஸ்ட்ரோவேர்ல்டு விழாவில் 10 பேர் உயிரிழந்ததும் மேடைக்கு முன்னால் ஏற்பட்ட நெரிசலால்தான். உங்கள் உடல் உங்களை வெளியே போகச் சொன்னது சரியான எச்சரிக்கை. அதை நீங்கள் இனி யாருடைய சிரிப்புக்காகவும் புறக்கணிக்கக் கூடாது.

நான்கு புறமும் அந்நியர்களின் உடல் உங்கள் மீது படுவதை உணர்ந்தாலோ, நினைத்தால் கையை முகம்வரை உயர்த்த முடியாது என்று தோன்றினாலோ, பாட்டு முடியும்வரை பொறுக்காமல் அப்போதே கிளம்பிவிடுங்கள். கூட்டம் தள்ளும்போது எதிர்த்துத் தள்ளாமல், குத்துச்சண்டைக்காரர்போல் இரு கைகளையும் மார்புக்கு முன்னால் மடக்கி வைத்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொண்டு, ஒரு தள்ளலுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட தளர்வில் குறுக்குவாட்டாக ஓரத்தை நோக்கி நகர வேண்டும். உங்கள் தோழியிடம் ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் பேரத்துக்கு இடமில்லாமல் வையுங்கள்: இருவரில் ஒருவர் "வெளியே" என்று சொன்னால், மற்றவர் காரணம் கேட்காமல் உடனே உடன் வர வேண்டும். காரணத்தை வெளியே வந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். இதற்கும் அவர் சிரித்தால், அவருடன் உட்காரும் இருக்கை உள்ள அரங்குகளுக்கு மட்டும் போங்கள்.

அடுத்தது காது. அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம் 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது என்றும் கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கின்படி 100 டெசிபலில் கிடைப்பது 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்காக வெளியிட்ட நெறிமுறையும், 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பு வைக்கிறது. முன்வரிசையில், தாழ்சுர ஒலிபெருக்கிகளுக்கு எதிரே, இரண்டு மணி நேரம் நின்ற ஒருவருக்கு மறுநாள் மாலை வரை காதிரைந்ததில் வியப்பு எதுவுமில்லை. உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. எனவே இரைச்சல் தணிந்துவிட்டது என்பதாலேயே கெடுதல் எதுவும் நேரவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஒருமுறை காது மருத்துவரைப் பார்த்துக் கேட்புத்திறனைச் சோதித்துக்கொள்வது நல்லது. இசை கேட்பவர்களுக்கென்றே செய்யப்படும் காதடைப்பான்கள் எல்லாச் சுரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் தணிப்பதால், பாட்டு மங்காமல் சத்தம் மட்டும் குறையும். இரண்டு ஜோடி வாங்குங்கள். ஒன்றைத் தோழிக்குக் கொடுங்கள். அறிவுரையைவிட அது எளிதாக ஏற்றுக்கொள்ளப்படும்.

எங்கே நிற்பது என்ற கேள்விக்கு வருவோம். முன்வரிசைதான் சிறந்த இடம் என்று அவரும், பின்வரிசைதான் என்று நீங்களும் நினைக்கிறீர்கள். காதைப் பொறுத்தவரை இரண்டும் சரியில்லை. முன்வரிசையில் நிற்பவர் பெரும்பாலும் ஒரு பக்கத்து ஒலிபெருக்கியையும் முரசுகளையும்தான் கேட்கிறார்; பாடகரின் குரல் அவர் தலைக்கு மேலாகப் போய்விடுகிறது. பின்னால் போகப் போக வேறு சிக்கல் வருகிறது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் செல்கிறது என்பதால், மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் கைதட்டலைக் கண் பார்த்து நொடியில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு கழித்துத்தான் காது கேட்கும். பெரிய திடல்களில் இடையிடையே வைக்கப்படும் ஒலிபெருக்கிக் கோபுரங்களின் ஒலியை வேண்டுமென்றே சற்றுத் தாமதப்படுத்தி அனுப்புவது, அது மேடையிலிருந்து வரும் ஒலியுடன் ஒத்துப்போவதற்காகத்தான். திடலின் நடுவே தடுப்பு கட்டி, ஒலிப் பொறியாளர் மிக்ஸர் மேசையுடன் அமர்ந்திருக்கும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். குரலும் கருவிகளும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதை அவர் தம் காதில் விழுவதைக் கொண்டே முடிவுசெய்கிறார். ஆகவே நிகழ்ச்சி எப்படிக் கேட்க வேண்டும் என்று அதை நடத்துபவர்கள் விரும்புகிறார்களோ, அப்படிக் கேட்பது அந்தத் தடுப்பை ஒட்டித்தான். முன்புறத்து நெருக்கம் அங்கே பொதுவாக இருக்காது. தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரியும் என்பதால் பிரிந்தவர்கள் சந்திக்கவும் ஏற்ற இடம். அங்கே நீங்கள் நில்லுங்கள். முன்வரிசை வேண்டுமென்றால் அவர் போகட்டும். கடைசி இரண்டு பாடல்களுக்குத் திரும்பி வந்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டால் போதும். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் செல்ஃபோனைப் பயன்படுத்தும் திடலில் அழைப்புகள் கிடைக்காமல் போவது வழக்கம் என்பதால், "வந்ததும் கூப்பிடறேன்" என்று பிரியாமல், இடத்தையும் நேரத்தையும் குறித்துவிட்டுப் பிரியுங்கள்.

வீடியோவைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. படம் எடுத்த பொருள்களை, வெறுமனே பார்த்த பொருள்களைவிட மக்கள் குறைவாக நினைவில் வைத்திருந்தார்கள் என்று லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் ஓர் அருங்காட்சியகத்தில் நடத்திய ஆய்வு 2014-இல் வெளியானது. படம் எடுப்பது அனுபவத்தில் ஈடுபாட்டைக் கூட்டுகிறது என்று சொல்லும் ஆய்வுகளும் அதன் பிறகு வந்தன. அவர் எப்படி ரசிக்கிறார் என்பது அவர் விருப்பம். உங்கள் கண்ணை மறைக்காதவரை விட்டுவிடுங்கள்.

மூன்று நாள் விழா அப்படி விட்டுவிடக் கூடியதல்ல. ஒரு மாலை நிகழ்ச்சியில் பொறுத்துக்கொள்ளும் வேறுபாடுகள், தூக்கமும் ஓய்வும் குறையும் மூன்று நாட்களில் சண்டையாக வெடிக்கும். கேட்காமல் வாங்கியது தவறுதான் என்றாலும், அந்த டிக்கெட்டுக்குப் பின்னால் இருப்பது நீங்கள் நிச்சயம் வருவீர்கள் என்ற நம்பிக்கை என்பதையும் மறந்துவிட வேண்டாம். போக விருப்பமில்லையென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், ஏனெனில் டிக்கெட்டை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் வசதி எல்லா விழாக்களிலும் இல்லை. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் டிக்கெட்டுக்கு உரியவரின் புகைப்படமே அதில் அச்சாகிறது, பிறர் அதைக் கொண்டு நுழைய முடியாது. போக விருப்பம் என்றால், நிகழ்ச்சி நிரல் வந்ததும் இருவரும் தனித்தனியே தமக்குத் தவறவிடக் கூடாதவற்றைக் குறித்துக்கொண்டு, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரு மேடைகளில் இரு வேறு கலைஞர்கள் பாடுவது இத்தகைய விழாக்களின் இயல்பு. அந்த நேரங்களில் யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம், பிரிந்து போங்கள். கேட்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள இரவு இருக்கிறது. ஒரு நாளில் எந்த நிகழ்ச்சியைக் கட்டாயம் சேர்ந்து கேட்பது என்பதை மட்டும் காலையிலேயே முடிவுசெய்துவிடுங்கள்.

இவற்றை எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். நிகழ்ச்சி நடக்கும் இடத்திலோ, போகும் வழியிலோ தொடங்க வேண்டாம். நிகழ்ச்சி எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாளில், செய்தியாக அனுப்பாமல் நேரில் சொல்லுங்கள். "உன்கூட வர எனக்கு எப்பவும் இஷ்டம்டி. ஆனா முதல் வரிசையில இனிமே என்னால நிக்க முடியாது. அன்னைக்கு நெசமாவே மூச்சு முட்டிச்சு, நீ சிரிச்சது மனசுல தங்கிடுச்சு" என்ற அளவுக்குச் சொன்னால் போதும். பழைய நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றையும் எடுத்து அடுக்கினால் பேச்சு வழக்காடுமன்றமாகிவிடும். அவர் சிரித்ததற்கு, நீங்கள் உண்மையில் திணறுகிறீர்கள் என்று அந்தச் சத்தத்தில் அவருக்குப் புரியாததே காரணமாக இருக்கலாம். அதைச் சொல்லவும் அவருக்கு வாய்ப்புக் கொடுங்கள்.

உங்களுக்குப் பிடித்த பாடகரின் நிகழ்ச்சிக்குத் தாராளமாகத் தனியாகப் போங்கள். பிடிக்காத பாட்டுக்கு ஒருவரை இழுத்துப் போய், அவர் சலித்துக்கொள்கிறாரா என்று பாட்டுக்குப் பாட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது உங்களுக்கும் சுகமில்லை, அவருக்கும் சுகமில்லை. மறைத்துப் போய் அவர் வேறொருவர் வழியாகத் தெரிந்துகொண்டால்தான் நீங்கள் அஞ்சும் அந்தத் துரோகத்தின் சாயல் அதில் வந்து சேரும். டிக்கெட் வாங்கும் முன்பே, அனுமதி கேட்கும் தொனி இல்லாமல், "இந்தத் தேதியில் இவர் பாட்டுக்கு நான் போகிறேன்" என்று தகவலாகச் சொல்லிவிடுங்கள். நானும் வருகிறேன் என்று அவர் கிளம்பினால், அன்று நிற்கும் இடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள்.