அடுத்த சி.ரி. ஸ்கேனுக்கு முன் கலங்களுக்கு ஓய்வு தேவையா?

கேள்வி: எனது உம்மாவுக்கு 61 வயது. நுரையீரலில் ஒரு சிறு முடிச்சு தெரிவதாகச் சொல்லி எட்டு மாதங்களுக்குள் இரண்டு தடவை சி.ரி. ஸ்கேன் எடுத்தார்கள். அடுத்த மாதம் மூன்றாவது. கலங்கள் தம்மைச் சரிசெய்துகொள்ள ஒரு வருடமாவது விட வேண்டும் என்கிறார் ஓர் உறவினர். சிறிதளவு கதிர்வீச்சு உடம்பைப் பழக்கி வலுவாக்கும், பயப்பட வேண்டாம் என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது? – மருதமுனையிலிருந்து ஒரு வாசகி

பதில்: இருவர் சொல்வதும் சரியல்ல. ஒரு வருடம் தள்ளிப்போடுவதால் முன்னைய இரண்டு ஸ்கேன்களின் பாதிப்பு குறைந்துவிடப் போவதில்லை. மாறாக, முடிச்சு வளர்கிறதா அல்லது அப்படியே இருக்கிறதா என்பதை ஒப்பிட்டு அறிவதற்காகவே வைத்தியர் அந்த இடைவெளியைக் குறித்திருப்பார் என்பதால், அதைக் குலைத்தால் இதுவரை எடுத்த படங்களின் பயனும் கெட்டுவிடும்.

கதிர்வீச்சே படாத நாளிலும் நமது ஒவ்வொரு கலத்திலும் பல்லாயிரம் டி.என்.ஏ. சேதங்கள் ஏற்பட்டுக்கொண்டே இருக்கின்றன. உடல் வெப்பம், கலத்துக்குள் இருக்கும் நீர், நாம் சுவாசிக்கும் ஒட்சிசன் ஆகியவையே அதற்குப் போதும். இவற்றைச் சீர்செய்யும் பொறிமுறைகளை விளக்கியமைக்காகத் தோமஸ் லிண்டால், போல் மொட்ரிச், அசிஸ் சன்ஜார் ஆகிய மூவருக்கும் 2015ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இச்சேதங்களுள் மிகப் பெரும்பாலானவை டி.என்.ஏ.யின் ஈரிழைகளுள் ஒன்றில் மட்டும் நேர்பவை; மற்றைய இழையில் அதற்கு இணையான எழுத்து (டி.என்.ஏ.யில் தகவலைத் தாங்கும் இரசாயன அலகு) அப்படியே இருப்பதால், அதைப் பார்த்து நொதியங்கள் ஏறத்தாழப் பிழையின்றி நிரப்பிவிடுகின்றன.

கதிர்வீச்சில் நாம் அஞ்ச வேண்டியது இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுவதைத்தான். தங்கள் ஊரில் தறியில் இருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாவு நூல் அறுந்தால் நுனிகளைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவார்கள். நெசவு தொடரும், ஆனால் முடிச்சு துணியில் இருக்கும். கலமும் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறது: அறுந்த நுனிகளைச் சற்றுச் செதுக்கி நேரடியாக ஒட்டுகிறது, அதில் சில எழுத்துகள் தொலைந்துபோகலாம். மூலப் பிரதியைப் பார்த்துத் திருத்தமாக நெய்யும் இன்னொரு வழியும் உண்டு. ஆனால் கலம் பிரிவதற்காகத் தன் டி.என்.ஏ.யைப் பிரதியெடுத்த பின்னரே அந்த வழி திறக்கும். சீர்செய்ய முடியாத கலங்களைப் பி53 போன்ற காவல் புரதங்கள் பிரியவிடாமல் தடுக்கும் அல்லது சாகச் செய்யும்.

இந்த வேலைக்கு மாதங்கள் தேவையில்லை. 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சி.ரி. ஸ்கேன் எடுத்தவர்களின் இரத்தக் கலங்களில் தோன்றிய ஈரிழை முறிவுகள் பெரும்பாலானோரில் 24 மணித்தியாலங்களுக்குள் பழைய நிலைக்குக் குறைந்திருந்தன. ஒரு நாளில் சரியாக ஒட்டியது ஒட்டியதுதான். பிழையாக ஒட்டியதை ஒரு வருட ஓய்வும் திருத்தாது. எஞ்சும் சிறு ஆபத்து அந்தப் பிழையான ஒட்டில்தான் இருக்கிறது. ஆகவே ஸ்கேன்களுக்கு இடையிலான நாட்களை எண்ணுவதை விட, ஒவ்வொரு ஸ்கேனும் தேவைதானா என்று கேட்பதே பயனுள்ளது.

இனி, ‘பழக்கம்’ பற்றிய கதை. அது வெறும் கட்டுக்கதை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1984இல் ஒலிவியேரி, பொடிகோட், வுல்ஃப் ஆகியோர், மனித வெண்குருதிக் கலங்களை முதலில் மிகச் சிறிய கதிர்வீச்சுக்கு உட்படுத்திவிட்டுப் பின்னர் பெரிய அளவு எக்ஸ்ரே கொடுத்தபோது, நிறமூர்த்தங்களில் (டி.என்.ஏ. சுருண்டிருக்கும் இழைகளில்) எதிர்பார்த்ததை விடக் குறைவான சேதமே இருப்பதைக் கண்டனர். முதற் சிறு அடி சீர்செய்யும் நொதியங்களைத் தட்டி எழுப்பியிருக்கிறது. ஆனால் அந்த விழிப்பு தோன்றச் சில மணிநேரம் எடுக்கிறது. சில நாட்களுக்குள் மங்கிவிடுகிறது. சிலரது கலங்களில் அது தோன்றுவதே இல்லை. 2003இல் வெளியான இன்னோர் ஆய்விலோ, ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களில் மிகச் சிறிய கதிர்வீச்சு உண்டாக்கிய முறிவுகள் நாட்கணக்கில் சீர்செய்யப்படாமலே கிடந்தன. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில், இயல்பாகவே கதிர்வீச்சை வெளிவிடும் தோரியம் கலந்த மணலின் மேல் வாழும் மக்களிடையே புற்றுநோய் அதிகரித்திருக்கவில்லை என்று 2009இல் வெளியான ஆய்வு கூறியது உண்மையே. ஆனால் தீங்கு தென்படவில்லை என்பதும் நன்மை உண்டு என்பதும் ஒன்றல்ல. அத்துடன், ஆண்டு முழுவதும் மெல்லப் படுவதும் சில விநாடிகளில் மொத்தமாகப் படுவதும் கலத்துக்கு வெவ்வேறு அனுபவங்கள். இதனால், பழக்கத்தை நம்பித் தேவையற்ற ஸ்கேன் எடுப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

தங்கள் உம்மாவுக்கான கணக்கு இதுதான். நெஞ்சுப் பகுதிக்கான வழமையான சி.ரி. ஸ்கேன் ஒன்று ஏறத்தாழ 7 மில்லிசீவேட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சைக் கொடுக்கும். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானிலிருந்தும் நமக்கு இயல்பாகக் கிடைப்பது உலக சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவேட். சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணைக்குழு கையாளும் எச்சரிக்கையான கணிப்பின்படி, 10,000 பேர் இப்படி ஒரு ஸ்கேன் எடுத்தால் அவர்களுள் மூன்று நான்கு பேருக்குப் பிற்காலத்தில் அதனால் உயிராபத்தான புற்றுநோய் வரலாம். இது எல்லா வயதினருக்குமான சராசரி. பிள்ளைகளுக்கு இதை விட அதிகம், 61 வயதில் இதை விடக் குறைவு. வளரும் முடிச்சு ஒன்றைத் தவறவிடுவதன் ஆபத்து இதனுடன் ஒப்பிடவே முடியாத அளவு பெரியது.

முடிச்சின் அளவைப் பார்ப்பதற்கு மட்டுமென்றால், குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் முறை உண்டு; அது ஏறத்தாழ 1.5 மில்லிசீவேட்டுடன் முடிந்துவிடும். அந்த முறை உம்மாவுக்குப் பொருந்துமா என்று வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள். முன்னைய ஸ்கேன்களின் சீடிகளையும் அறிக்கைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கிளினிக்குக்கு வெறுங்கையோடு போய், எடுத்த படத்தையே மறுபடி எடுக்க நேர்வதைப் போன்ற வீண் கதிர்வீச்சு வேறில்லை. ஸ்கேன் நடக்கும்போது உம்மாவுக்குத் துணையாக அறைக்குள் ஒருவர் நிற்க நேர்ந்தால், அவர் கர்ப்பிணியாக இருக்கக் கூடாது. தங்களுக்கு அப்படி ஒரு சந்தேகமாவது இருந்தால் வேறொருவரை அனுப்பிவிட்டு வெளியே காத்திருங்கள்.