ரப்பர் பிரஸ்ஸில் மோல்டு மாற்றும் நேரத்தைக் குறைப்பது எப்படி?

மார்த்தாண்டத்தில் சிறிய ரப்பர் யூனிட் வைத்திருக்கிறீர்கள், பிரஸ்ஸில் (ரப்பரைச் சூட்டில் அழுத்தும் மெஷின்) மோல்டு, அதாவது ரப்பருக்கு வடிவம் தரும் அச்சு, மாற்ற இரண்டு மணி நேரம் ஆகிறது, இன்னொரு பிரஸ் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வாங்காதீர்கள். முதலில் ஒரு மாற்றத்தை முழுவதுமாகச் செல்போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள்.

குலசேகரம் பக்கம் நான் இருந்த யூனிட்டில் அப்படி எடுத்துப் பார்த்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. பிரஸ் நின்ற பிறகுதான் ஸ்பேனர் தேடவே தொடங்கினோம். அப்புறம் குளிர்ந்த மோல்டை மாட்டிவிட்டு, அது 150 டிகிரியைத் தொடும்வரை நான்கு பேர் சும்மா நின்றோம்.

ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1950-இல் ஹிரோஷிமாவில், இன்றைய மஸ்தா கார் கம்பெனியின் ஆலையில் கண்டதும் இதேதான். காணாமல் போன ஒரு போல்ட்டுக்காகப் பிரஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. மெஷின் நின்றால் மட்டுமே செய்ய முடிந்த வேலை, ஓடும்போதே முடிக்கக்கூடிய வேலை என்று அவர் இரண்டாகப் பிரித்தார். 1969-இல் டொயோட்டாவின் 1000 டன் பிரஸ்ஸில் 4 மணி நேர மாற்றத்தை முதலில் 90 நிமிடமாகவும், பிறகு 3 நிமிடமாகவும் குறைத்தார்.

உங்களுக்குப் பெரிய லாபம் சூட்டில்தான். அடுத்த மோல்டைத் தனி ஹீட்டர் தட்டில் முன்கூட்டியே சூடேற்றி வையுங்கள். ஸ்பேனர், கிளாம்ப், கையுறை எல்லாம் ஒரு டிராலியில் தயாராக இருக்கட்டும். போல்ட்டில் பிடிப்பைத் தருவது கடைசிச் சுற்று மட்டும்தான். அதனால் கிளாம்பில் நீளத் துளைக்குப் பதில் ஒரு பக்கம் திறந்த வெட்டு போட்டால் நட்டை முழுக்கக் கழற்றவே வேண்டாம். மோல்டுகளின் உயரத்தையும் அடித்தட்டு வைத்துச் சமமாக்கிவிடுங்கள்.