மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேங்காக் வரை ஒரே ரயில் டிக்கெட் கிடைக்குமா?

கிடைக்காது. பட்டர்வொர்த்–பேங்காக் நேரடி ரயில் 2016-இன் இறுதியோடு நின்றுபோனது. இப்போது இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டும்: மலேசிய எல்லை ஊரான பாடாங் பெசார் வரை மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம்மின் இடிஎஸ் மின்ரயில், அங்கிருந்து தாய்லாந்து ரயில்வேயின் படுக்கை வண்டி.

வாங்கும் வரிசைதான் முக்கியம். முதலில் தாய்லாந்துப் படுக்கை. அந்த வழியில் நாளுக்கு ஒரே வண்டிதான், பள்ளி விடுமுறையில் சீக்கிரம் தீர்ந்துவிடும். கீழ்ப்படுக்கை அகலம் கூடியது, விலையும் கொஞ்சம் கூட. அது உறுதியான பிறகு அதற்கேற்ற இடிஎஸ் எடுங்கள். எல்லா இடிஎஸ்ஸும் சுங்கை சிப்புட்டில் நிற்காது. நேரம் ஒத்துவராவிட்டால் ஈப்போவில் ஏறுங்கள்.

பலர் தவறுவது நேரத்தில்தான். தாய்லாந்து நேரம் மலேசிய நேரத்தைவிட ஒரு மணி பின்னால். அவர்கள் டிக்கெட்டில் மாலை 5 என்றால் நமக்கு 6. திரும்பி வரும்போது இதே கணக்கு காலை வாரிவிடும். டிக்கெட்டுகள் தனித்தனி என்பதால், முதல் வண்டி தாமதமாகி அடுத்ததை விட்டால் பணம் போனதுதான். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் பாடாங் பெசார் நிலையத்திலேயே நடக்கும்.

எல்லைக்கு அப்பால் ‘பாடாங் பெசார் (தாய்)’ என்று இன்னொரு நிலையம் உண்டு, அதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். தாய்லாந்தின் மின்னியல் வருகை அட்டையைப் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்புங்கள், இலவசம்தான். காசு கேட்கும் தளம் போலி அல்லது தரகர்.