ஒற்றை மாணவியும் ஒற்றைப் பெட்டியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானில் ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ஒரு ரயில் நிலையத்தையே மூடாமல் வைத்திருந்தார்களாம். வாட்ஸாப்பில் படித்ததும் கண் கலங்கிவிட்டது. இது உண்மையா? என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா? அந்தக் கருணை நமக்கு ஏன் இல்லை? ஜப்பானியரின் சுத்தம் பற்றியும் எழுதுங்கள்.

கு.

அன்புள்ள கு.,

சுத்தத்தைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அதை விடுங்கள்.

உங்கள் கதை பாதி உண்மை. ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் கியூ-ஷிரதாகி என்றொரு நிலையம் இருந்தது, அந்தப் பெண்ணும் இருந்தாள். 2016 மார்ச்சில் அதையும் அக்கம்பக்கத்து நிலையங்கள் இரண்டையும் சேர்த்தே மூடினார்கள். ஜப்பானில் ரயில் அட்டவணை மாறுவதும் மார்ச்சில்தான், பள்ளி ஆண்டு முடிவதும் மார்ச்சில்தான். அவளுக்காகவே திறந்து வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் ஃபார்வர்டு செய்தவர்களின் கைவண்ணம். வாத்தியார் நீங்கள், அழுவதற்கு முன் கொஞ்சம் தேடிப் பார்த்திருக்கக் கூடாதா?

ஆனால் ‘கருணை’ என்றீர்களே, அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. ரயில் என்ன அன்னதானமா?

1980-இல் ஜப்பான் அரசு, நஷ்டத்தில் ஓடும் கிளைப்பாதைகளைக் கழற்றிவிட ஒரு சட்டம் போட்டது. பட்டியலில் 83 பாதைகள். 45 பாதைகளில் ரயிலுக்குப் பதில் பஸ் வந்தது. வடகிழக்கே சான்ரிகு கடற்கரைக்காரர்கள் மட்டும் ரயிலை விட்டுக்கொடுப்பதாக இல்லை. இவாதே மாகாணமும் கரையோர உள்ளாட்சிகளும் பங்கு போட்டுத் தாங்களே கம்பெனி தொடங்கின. 1984 ஏப்ரல் 1 அன்று வண்டி ஓடியது. அப்படிக் கைமாறிய பாதைகளில் நாட்டிலேயே அதுதான் முதல்.

2011 மார்ச் 11 சுனாமியில் அந்தப் பாதையிலிருந்த ஷிமனோகோஷி நிலையம் அடியோடு போயிற்று. மின்சாரம் கிடையாது. மியாகோவில் நின்றிருந்த டீசல் பெட்டிக்குள் உட்கார்ந்துதான் நிர்வாகமே நடந்தது. மார்ச் 16, அதாவது ஐந்தாம் நாள், குஜியிலிருந்து ரிகுசூ-நோதா வரை ரயில் விட்டுவிட்டார்கள். மாதக் கடைசி வரை கட்டணம் வாங்கவில்லை. பாதையின் பெரும்பகுதி மலையைக் குடைந்த சுரங்கப் பாதைகளுக்குள் போவதால் தப்பியது. டீசல் வண்டிக்கு மேலே மின்கம்பியும் வேண்டாம்.

அந்த வண்டியில் போயிருக்கிறேன். ஒரே பெட்டி. ஏறும்போது எண் போட்ட துண்டுச் சீட்டை உருவிக்கொள்ள வேண்டும், இறங்கும்போது அதையும் காசையும் ஓட்டுநர் பக்கத்து உண்டியலில் போட வேண்டும். வெள்ளைக் கையுறை விரலால் சிக்னலைச் சுட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் ஓட்டுநர் வண்டியை எடுக்கிறார். எதிரே மடியில் மருந்துப் பையோடு ஒரு பாட்டி. அவரிடம் போய்க் கருணை என்று சொல்லிப் பாருங்கள்! அந்த வண்டியில் அவருடைய வரிப்பணமும் ஓடுகிறது ஐயா.

2019 மார்ச்சில், பழைய அரசு ரயில்வேயிலிருந்து பிரிந்த ஜேஆர் கம்பெனி பஸ் விட நினைத்த மியாகோ–கமைஷி பகுதியும் இவர்களிடம் வந்தது. மொத்தம் 163 கிலோமீட்டர். அந்த அக்டோபரிலேயே புயல் வந்து பாதையை அரித்தது. அடுத்த மார்ச்சில் மறுபடி முழுப் பாதையும் திறந்தாயிற்று.

வகுப்பில் இதைச் சொல்லுங்கள். கதையாக அல்ல, கணக்குப் பாடமாக. நஷ்டம் வருகிறது, அதை யார் யார் எப்படிப் பங்கு போட்டுக் கட்டுவது என்று பிள்ளைகளையே கேளுங்கள்.