லாகோஸில் வேலை, நைராவில் சம்பளம்: கையெழுத்திடலாமா?

கேள்வி: நைஜீரியாவின் லாகோஸ் நகரத் தொழிற்சாலை ஒன்றில் கணக்காளர் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் அந்நாட்டு நாணயமான நைராவில். "நைஜீரியாவின் நடப்புக் கணக்கில், நாட்டின் மொத்த உற்பத்தியான ஜி.டி.பி.யில் 9 சதவீதம் அளவுக்கு உபரி. நைரா இனி சரியாது, வீட்டுக்குத் தாராளமாகப் பணம் அனுப்பலாம்" என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். இந்த நிபந்தனையோடு கையெழுத்திடவும் வேண்டாம்.

நடப்புக் கணக்கு என்பது ஏற்றுமதி, இறக்குமதி, வட்டி, லாபம், உறவினர் அனுப்பும் பணம் என நாட்டுக்குள் வந்ததற்கும் வெளியே போனதற்கும் உள்ள வரவு செலவு. 2024இல் நைஜீரியாவின் உபரி 1,700 கோடி டாலரைத் தாண்டியது உண்மைதான். ஆனால் வந்ததில் பெரும்பகுதி கச்சா எண்ணெய், எரிவாயுப் பணம். அது உங்கள் முதலாளியின் வங்கிக்கு வராது. நைரா விழுந்ததால் வெளிநாட்டுப் பொருள் வாங்க மக்களால் முடியாமல் போனதும் உபரிக்கு ஒரு காரணம். வயிற்றைக் கட்டி மிச்சம் பிடிக்கும் வீட்டைப் பணக்கார வீடு என்பீர்களா?

அந்த 9 சதவீதமும் நிலையானதல்ல. 2025 ஜூலையில் ஜி.டி.பி. கணக்கின் அடிப்படை ஆண்டை 2019க்கு மாற்றினார்கள். பொருளாதாரம் ஏட்டில் பெருத்தது. அதே உபரி சுமார் 7 சதவீதமாகிவிட்டது.

2022இலும் அங்கே சிறிய உபரி இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில்தான், டிக்கெட் விற்ற பணத்தை வெளியே எடுக்க முடியாமல் எமிரேட்ஸ் நிறுவனம் அங்கே போகும் விமானங்களை நிறுத்தியது. மீண்டும் பறக்க 2024 அக்டோபர் ஆனது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி.

2023 ஜூன் தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 460 நைரா. 2024 பிப்ரவரியில் 1,500. மாதம் 7 லட்சம் நைரா வாங்கியவரின் சம்பளச் சீட்டில் ஒரு நைராகூடக் குறையவில்லை. ஆனால் 1,520 டாலராக இருந்த அதன் மதிப்பு 470க்கும் கீழே வந்துவிட்டது.

ஒரே விதிவிலக்கு, சம்பளத்தை டாலரில் குறிக்கும் ஒப்பந்தம். அதிலும் கவனம் வேண்டும். டாலரில் குறித்து, டாலராகவே உங்கள் இந்திய வங்கிக் கணக்கில் செலுத்தினால் சரி. டாலரில் குறித்து நைராவில் கொடுப்பதானால், எந்த விகிதத்தில் என்று எழுதியிருக்க வேண்டும். "அன்றைய விகிதம்" என்றால் போதாது. 2023 தொடக்கத்தில் அரசு விகிதம் 460, வெளிச்சந்தையில் சுமார் 750. ஆயிரம் டாலர் சம்பளத்தை 460 வீதம் கொடுத்தால் கைக்கு வருவது 4,60,000 நைரா. வெளிச்சந்தை விலையில் அதன் மதிப்பு 613 டாலர்தான். ஆகவே விகிதத்தை யார் அறிவிப்பது, எந்த நாளில் என்பதுவரை எழுதி வாங்குங்கள்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். உபரி, சதவீதம் என்று பேசுபவர்கள் விசாவைப் பற்றி வாய் திறப்பதில்லை. பிசினஸ் விசாவில் அனுப்பிவிட்டு, "அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். அந்த விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. வேலைக்கு எஸ்.டி.ஆர். என்ற வேலை விசாவில் போய், அங்கே தங்கி வேலை செய்ய வெளிநாட்டவருக்குத் தரும் செர்பாக் என்ற அனுமதி அட்டை பெற வேண்டும். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் கேட்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். கத்தை கத்தையாகப் படிவம் கேட்கும் அலுவலகங்கள், சம்பளம் எந்த நாணயத்தில் என்று என்னிடம் வந்த ஒருவரையும் எச்சரித்ததில்லை. கோபம் வருகிறது.

டாலர் நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லி இன்றே அந்த நிறுவனத்துக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். ஏஜென்ட் வழியாக வேண்டாம். பதில் எழுத்தில் வரும்வரை பாஸ்போர்ட்டை அவரிடம் கொடுக்காதீர்கள்.