பனியைவிட ஈரத்துக்குப் பயப்படுங்கள்: வெளியில் வளரும் கள்ளிச் செடிகள், கேள்வி பதில்

குளிர்காலத்தில் கள்ளிச் செடிகளை வெளியிலேயே விடலாமா என்று பல ஊர்களிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஊருக்கு ஊர் குளிர் வேறு, பதிலும் வேறு. அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் மேலே ஊர்ப் பெயரைப் போட்டிருக்கிறேன்.

டொராண்டோ: அக்கா, ஒபன்ஷியா ஹியூமிஃபியூசா என்று அட்டை போட்ட சப்பாத்திக் கள்ளி ஒன்றை முன் தோட்டத்தில் நட்டேன். நவம்பர் வந்ததும் மடல்கள் சுருங்கித் தரையில் படுத்துவிட்டன. செத்துவிட்டதா? தண்ணீர் ஊற்றட்டுமா?

தயவுசெய்து ஊற்றாதீர்கள். உங்கள் செடி நன்றாக இருக்கிறது, குளிருக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது. அது உங்கள் மாகாணத்துச் செடிதான். ஈரி ஏரிக்கரையில் பாயிண்ட் பீலீ தேசியப் பூங்கா பக்கம் இயற்கையாகவே வளர்கிறது.

குளிர் ஏற ஏற அது தன் உடம்பிலுள்ள நீரைக் குறைத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் சாறு கெட்டியாகிவிடும். உப்புத் தண்ணீர் எளிதில் உறையாதது போல, கெட்டியான சாறும் எளிதில் உறையாது. அப்படியே உறைந்தாலும் பனிக்கட்டி முதலில் செல்களுக்கு வெளியே உள்ள இடைவெளியில்தான் உருவாகும், செல் கிழியாமல் தப்பிக்கும். நீங்கள் இரக்கப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால், அது கஷ்டப்பட்டுச் செய்த வேலை அத்தனையும் வீண். செப்டம்பரிலேயே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். தழைச்சத்து உரத்தை அதற்கும் முன்பே, ஆகஸ்டில். உரத்தில் கொழுத்த இளம் மடல்தான் முதலில் போகும்.

மேலே விழும் பனியைத் தட்டிவிடாதீர்கள், அது நல்ல போர்வை. ஆனால் நடைபாதையிலிருந்து வாரும் உப்புக் கலந்த பனியை அதன் மேல் கொட்டவே கூடாது. பாத்தி ஒரு அடியாவது மேடாக, பாதிக்குப் பாதி சரளையும் பருமணலுமாக, தெற்குப் பார்த்த சுவர் ஓரம் இருந்தால் போதும். வசந்தத்தில் மடல்கள் உப்பி எழுந்து நிற்கும், ஜூன் வாக்கில் மஞ்சள் பூ பார்ப்பீர்கள்.

அதே வாசகர்: அப்படியானால் என் கோல்டன் பேரலையும் வெளியே விடலாமா?

கூடாது. அந்த உருண்டைக் கள்ளி மெக்சிகோக்காரச் செடி. இரவு வெப்பம் 5 டிகிரி செல்சியஸைத் தொடும்போதே உள்ளே எடுத்து வையுங்கள். முள் இருக்கிறது என்பதற்காக எல்லாக் கள்ளியும் ஒரே மாதிரி தாங்கிவிடாது. வெளியில் வேண்டுமென்றால் ஒபன்ஷியா ஃப்ரஜிலிஸ் தேடுங்கள், பிரிட்டிஷ் கொலம்பியாவின் பீஸ் ஆற்றுப் பகுதி வரை வடக்கே வளரும் கள்ளி அது. எஸ்கோபாரியா விவிபாராவும் கனடாப் புல்வெளிகளின் சொந்தச் செடிதான், ஊதா கலந்த இளஞ்சிவப்பில் பூக்கும். எனக்கு மிகவும் பிடித்தது அது.

லண்டன்: இங்கே மைனஸ் ஐந்துக்குக் கீழே போவதே அபூர்வம். ஆனாலும் ஜனவரிக்குள் என் கள்ளிகள் அழுகிவிடுகின்றன. ஏன் அக்கா?

குளிர் காரணமில்லை, மழைதான் காரணம். உறங்கும் வேர் தண்ணீரை உறிஞ்சாது. மண் மாதக்கணக்கில் ஈரமாகவே கிடந்தால் பூஞ்சை உள்ளே நுழைந்துவிடும். அக்டோபர் முதல் மார்ச் வரை செடிக்கு மேல் ஒரு கூரை போடுங்கள். பாலிகார்பனேட் தகட்டை நாலு கம்பில் சாய்த்து நிறுத்தினாலே போதும். பக்கங்களை மட்டும் மூடாதீர்கள், காற்று ஓட வேண்டும். பபிள் ராப்பைச் செடியைச் சுற்றி இறுக்கிக் கட்டுகிறார்கள், பார்த்தாலே எனக்குப் பதறும். உள்ளே நீர் கோத்து அழுகல்தான் வரும். உறைபனி இரவுகளில் மட்டும் செடி மூடும் மெல்லிய ஃப்ளீஸ் துணியைக் காய்ந்த நிலையில் போர்த்திவிட்டுக் காலையில் எடுத்துவிடுங்கள். தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடித்துளை அடைபடாது.

ஈரமில்லாமல், குளிரில் இந்த ஓய்வு கிடைத்தால் ரெபூஷியா, லோபீவியா போன்ற குட்டிக் கள்ளிகள் எல்லாம் அடுத்த வசந்தத்தில் அள்ளிப் பூக்கும். குளிர்காலம் முழுக்க ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் பூ குறைந்துவிடும்.

டல்லஸ்: 2021 பிப்ரவரிக் குளிரில் வளர்த்ததெல்லாம் போயிற்று. மறுபடி வந்தால் எப்படிக் காப்பாற்றுவது?

அப்போது உங்கள் ஊரில் மைனஸ் 19 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. அந்த அளவுக்குத் துணி போதாது. தொட்டியில் இருப்பதை காராஜுக்குள் கொண்டுபோங்கள். அங்கே ஒரு வாரம் இருட்டில் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. தரையில் நட்டது அவ்வளவு குளிரைத் தாங்கும் ரகமாக இருந்தால்தான் நிற்கும்.

வழக்கமான ஓரிரு இரவுக் குளிருக்கு, பொழுது சாயும் முன்பே பழைய பெட்ஷீட்டைத் தரை தொடும்படி மூடி, ஓரங்களில் கல் வையுங்கள். பகலில் மண் வாங்கிய சூடு உள்ளேயே தங்கும். பிளாஸ்டிக் ஷீட் செடியைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். உயரமாக வளரும் தூண் கள்ளியின் உச்சிக்குத் தெர்மோகோல் கப்பைக் கவிழ்த்துவிடுங்கள். அரிசோனாவின் ஃபீனிக்ஸ், டூசான் வீடுகளில் பலரும் செய்வதுதான். வளரும் குருத்து உச்சியில் இருக்கிறது, அது போனால் வளர்ச்சி நின்றுவிடும். அலங்கார விளக்குச் சரம் சுற்றுவதென்றால் பழைய குண்டு பல்பு வகை வேண்டும், எல்ஈடியில் சூடு வராது.

ஊட்டி: ஜனவரியில் உறைபனி. விடியற்காலையில் தண்ணீர் தெளித்தால் பனி கரையும் என்கிறார்கள். கள்ளிக்கும் செய்யலாமா மேடம்?

புல்லுக்கும் பூச்செடிக்கும் சரி, கள்ளிக்கு வேண்டாம். உங்கள் ஊரில் மேகமில்லாத, காற்றில்லாத இரவில்தான் உறைபனி விழும். தரையின் சூடு நேராக வானத்துக்குப் போய்விடுவதுதான் காரணம். அதனால் தலைக்கு மேல் ஏதாவது மறைப்பு இருந்தாலே பாதி வேலை முடிந்தது. தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளுக்குக் கோத்தகிரி மிலார் என்ற செடியைப் போட்டு மூடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கணக்குத்தான். இறவாரத்தின் கீழே தொட்டியை நகர்த்துங்கள். குளிர்ந்த காற்று பள்ளத்தில் போய்த் தேங்கும், உங்கள் பக்கத்துத் தலைகுந்தாவில் அதனால்தான் அவ்வளவு பனி. தோட்டத்தின் தாழ்ந்த மூலையைத் தவிருங்கள். காலை வெயில் முதலில் விழும் கிழக்கு ஓரமும் வேண்டாம். உறைந்த சதை சட்டென்று இளகினால் காயம் கூடும்.

சென்னை: மார்கழிப் பனிக்கு மொட்டைமாடிக் கள்ளியை மூட வேண்டுமா?

வேண்டாம். சென்னைக் குளிர் அவற்றுக்குச் சுகம். வடகிழக்குப் பருவமழைக்கு மட்டும் கூரை போடுங்கள்.

பாரிஸ்: சதுரக்கள்ளி, திருகுகள்ளி வெளியில் தாங்குமா?

தாங்காது. பெயரில் கள்ளி இருந்தாலும், முறித்தால் பால் வடியும் இவை யூஃபோர்பியா இனம், காக்டஸ் குடும்பமே இல்லை. இரவு 10 டிகிரிக்கு இறங்கும் முன் உள்ளே எடுங்கள். பால் கண்ணில் படாமல் கையுறை போட்டுத் தூக்குங்கள்.

பர்மிங்ஹாம்: தண்டு ஒரு பக்கம் கறுத்துக் கொழகொழவென்று இருக்கிறது. வெட்டட்டுமா?

கொழகொழப்பு வந்துவிட்டால் காத்திருக்காதீர்கள். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால், உள்ளே பழுப்பு வட்டமே தெரியாத சுத்தமான சதை வரும்வரை சீவுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடையுங்கள். வெட்டில் கந்தகத் தூள் தடவி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். வெறும் கறுப்புத் தழும்பாக, கெட்டியாக இருந்தால் தொடவே வேண்டாம், அது ஆறிவிட்ட காயம்.

கால்கரி: உள்ளே வைத்ததை எப்போது வெளியே எடுப்பது?

கடைசி உறைபனி முடிந்த பிறகு. ஆனால் எடுத்த அன்றே முழு வெயிலில் வைத்தால் தோல் வெந்து வெளுத்துவிடும், அந்த வடு மாறாது. முதலில் நிழலில் ஒரு வாரம், பிறகு காலை வெயில், அப்புறம் முழு வெயில். வெளியே எடுக்குமுன் தொட்டியிலிருந்து உருவி வேரைப் பாருங்கள். வெள்ளையாகப் பஞ்சுபோல் ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. மண்ணை உதறிக் கழுவி, வேர் உலர்ந்தபின் புது மண்ணில் நடுங்கள். ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர்.